நெவில் கைவைக்காத வேலை

நெவில் குரோதருக்கு எதையும் கழற்றிப் பார்க்காமல் இருக்க முடியாது. லாங்ரீச் ஊரைச் சுற்றியுள்ள பண்ணைகளில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார்களைப் பழுதுபார்க்கிறவர். ஒழுங்காக ஓடும் மோட்டாரையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். தன் நாற்பத்து மூன்றாவது வயதில் பிறந்த மகன் ஃபெர்கஸைக் குளிப்பாட்டுவது அவர் பொறுப்பு.

"பையனோட குஞ்சு நுனித்தோலப் பின்னால இழுத்துக் கழுவணும்டா. இல்லன்னா அழுக்கு சேரும்," என்றான் கூட்டாளி பார்ட். பார்ட்டுக்குப் பிள்ளைகள் கிடையாது, நாய்கள் உண்டு.

நெவில் இழுத்துப் பார்த்தார். வரவில்லை. குழந்தை போட்ட கூச்சலில் மனைவி ரோஸ்லின் ஓடிவந்தாள்.

"என்ன பண்ணித் தொலைச்சே?"

"கழுவினேன்."

அடுத்த வாரம் குழந்தைக்கு உடம்பு கொதித்தது. சளியும் இல்லை, இருமலும் இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் பிரியோனி, சிறுநீர் பிடித்துத் தரச்சொல்லிக் கிண்ணத்தை நீட்டினார். நெவில் மண்டியிட்டுக் காத்திருந்தார். அவர் கொட்டாவி விட்ட நேரம் பார்த்து அது சட்டைப்பைக்குள் போயிற்று. அடுத்த தடவை விடவில்லை, பிடித்துவிட்டார். சோதித்ததில் கிருமித் தொற்று.

"நான் இழுத்ததாலயா டாக்டர்?"

"அப்படிச் சொல்ல முடியாது. முதல் வருஷத்துல பையன்களுக்கு வர்றதுதான். தோல் வெட்டாதவங்களுக்குக் கூடுதல். அப்பவும் நூத்துல ஒருத்தருக்குத்தான்."

"பேசாம வெட்டிரலாமா?"

"ஒரு தடவை வந்ததுக்கா? திரும்பத் திரும்ப வந்தா, கிட்னியில கோளாறு இருந்தா யோசிக்கலாம். அந்தத் தோல் பொறக்கும்போதே உள்ள ஒட்டித்தான் இருக்கும். வளர வளரத் தானா விடும். இழுத்தா புண்ணாகித் தழும்பாயிடும்."

"அதுவரைக்கும் நான் என்ன செய்யணும்?"

"வெளிய தண்ணி ஊத்திக் கழுவுங்க."

"அப்புறம்?"

"துடைங்க."

டாக்டர் இன்னும் ஏதாவது சொல்வாரா என்று நெவில் காத்திருந்தார். அவர் மருந்து எழுதத் தொடங்கினார்.

மருந்து ஏறியதும் காய்ச்சல் இறங்கியது. ஸ்கேனில் சிறுநீரகங்கள் நன்றாக இருந்தன. வீட்டுக்கு வந்தபின் ரோஸ்லின் சில நாள் குளியலறை வாசலில் காவல் நின்றாள். தேவைப்படவில்லை. தொற்றும் திரும்பவில்லை.

ஃபெர்கஸ் பள்ளியில் சேர்ந்த வருடம், தடுப்பூசிக்கு மூவரும் போன இடத்தில் நெவில் அந்தத் தோலைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டார். பிரியோனி பார்த்தார்.

"பாதி விட்டிருக்கு. மீதியும் விடும். அவசரமில்ல."

"நான் தொடவே இல்ல," என்றார் நெவில்.

அவ்வளவு பெருமையாக அவர் பேசி ரோஸ்லின் கேட்டதில்லை.