என் நோவை நம்பிய ஆண்டவர்

கால் நசிந்தபோது நான் சாக நினைக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதுதான் நினைத்தேன். சகோதரங்களே, இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது. மன்னியுங்கள்.

நான் நாயாறு என்ற கரையோர ஊரில் கடற்தொழில் செய்பவன். போன மாரிமழைக் காலத்தில் கரைக்கு இழுத்த படகு சரிந்து என் தொடையில் விழுந்தது. எலும்புக்குக் கம்பி வைத்தார்கள். காயம் ஆறியது. வலி, அந்த நோ, ஆறவில்லை. டொக்டர்மாரிடம் சொன்னால், "எக்ஸ்ரேயில எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்றார்கள். நித்திரை போனது. மனைவி ஜெசிந்தா கொண்டுவந்த சோற்றையும் சொதியையும் தொடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். மனம் விழ விழ நோ கூடியது. நோ கூடக்கூட மனம் இன்னும் விழுந்தது.

எங்கள் கோயில் பங்கிலிருந்து செபக்குழு வந்தது. மூத்தவர் என் தலையில் கைவைத்து, "தம்பி, உமக்கு விசுவாசம் காணாது. அதுதான் நோ போகுதில்லை" என்றார்.

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "எல்லாரும் வெளியில போங்கோ!" என்று கத்தினேன். வாட்டில் கிடந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் போனபிறகு ஆண்டவரிடமும் கத்தினேன்.

"நீரும் சிலுவையில கத்தினனீர்தானே? விசுவாசம் இல்லாமலோ கத்தினனீர்? என்ர நோவை நம்புற ஒரு ஆளை அனுப்பும். இல்லாட்டி என்னை எடும்!"

அதுதான் என் செபம். வேறு செபம் எனக்கு வரவில்லை.

கட்டிலருகே நின்ற ஜெசிந்தா கடைசிச் சொல்லைக் கேட்டுவிட்டாள். நேரே போய், நோயாளரைப் பார்த்துக்கொண்டு வந்த பெண் டொக்டரை மறித்தாள். "காலை விடுங்கோ டொக்டர். இவர் சாகக் கேக்கிறார். அதைப் பாருங்கோ!"

டொக்டர் கதிரையை இழுத்து என்னருகே இருந்தார். "நோகுதெண்டு நீங்கள் சொல்லுறதை நான் நம்புறன். உங்களுக்கு மனச்சோர்வும் வந்திருக்கு. ரெண்டும் ஒண்டையொண்டு வளர்க்குது. ரெண்டுக்கும் சேர்த்துத்தான் வைத்தியம் செய்யவேணும்."

நான் விம்மி விம்மி அழுதேன். யாரும் தடுக்கவில்லை.

நோவுக்கு மருந்தை மாற்றினார்கள். மனநல டொக்டர் வந்து கதைத்தார், குளிசை தந்தார். உடனே ஒன்றும் நடக்கவில்லை. சில கிழமைகளுக்குப் பிறகு ஒருநாள் காலை, பசிக்குதெண்டு நானாகவே பாணும் சம்பலும் கேட்டேன். ஜெசிந்தா ஓடிப்போய் வாங்கிவந்தாள்.

இப்போது கடலுக்குப் போகிறேன். குளிர்காற்றில் கால் இன்னும் நோகும். கிளினிக்குக்கும் தவறாமல் போகிறேன். ஆனால் நோயாளியின் தலைமாட்டில் நின்று விசுவாசத்தை அளப்பவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. கட்டிலில் கிடப்பவனுக்கு இன்னொரு சுமை எதற்கு?

நோவோடும் சோர்வோடும் கிடப்பவர்களே, டொக்டரிடம் ஒன்றையும் மறைக்காதீர்கள். ஆண்டவரிடமும் மறைக்காதீர்கள். நல்ல சொல் வராவிட்டால் கத்துங்கள். என்னை அவர் கோபிக்கவில்லை. ஆள் அனுப்பினார்.