இருபத்தாறு காலடி

காலை 5.40. ராமாபுரத்தில் பஸ் ஏறினேன். கொள்ளேகாலுக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர். அங்கே மாறினால் மைசூருக்கு இன்னும் அறுபது. கண்டக்டர் என் ஆதாரைப் பார்த்துவிட்டு, கர்நாடகத்தில் பெண்களுக்குத் தரும் இலவச டிக்கெட் கொடுத்தார். நாட்டுக்காக ஏழு வருடம் ஓடியவள் என்பதற்காக இல்லை. பக்கத்தில் கீரைக்கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மாவுக்கும் அதே டிக்கெட்தான்.

போனது மன்னிப்புக் கேட்க. பதினெட்டு வருடத்துக்கு முன், வெளிநாட்டில், நாலு பேர் நூறு நூறு மீட்டராக ஓடும் தொடர் ஓட்டத்தில் மூன்றாவது ஆள் நான், கடைசி ஆள் கலா. முதலாவதாக வந்துகொண்டிருந்தோம். நான் நீட்டிய பேட்டன் கட்டை கலாவின் கைக்கு எட்டவில்லை. கட்டையை மாற்றி முடிக்க வேண்டிய எல்லைக்கோடு தாண்டிவிட்டது; எங்களை நீக்கிவிட்டார்கள். 'செல்வி கடைசியில் சோர்ந்துவிட்டாள்' என்று பயிற்சியாளர் எழுதினார். அதன்பின் என்னை யாரும் கூப்பிடவில்லை. கலா இன்னும் ஆறு வருடம் ஓடிப் பதக்கங்கள் வாங்கினாள். என் கால்தான் கெடுத்தது என்று நானும் நம்பினேன்.

9.10. மைசூர். பஸ் நிலையத்தில் காபி இருபது ரூபாய், ஹெப்பாளுக்கு ஆட்டோ நூற்றைம்பது. அங்கே ஒரு தொழிற்சாலை மைதானத்தில் கலா இப்போது பயிற்சியாளர். பரிசு கொடுக்க என்னை அழைத்திருந்தாள்.

"வா செல்வி! ஏனு, ஆளே மாறிப்போயிட்ட!"

"அன்னிக்கு என்னாலதான் போச்சு. மன்னிச்சுக்க புள்ள. இத்தன வருசமா சொல்லோணும்னு இருந்தேன்."

"அய்யோ, விடு! நான் அப்பவே மன்னிச்சாச்சு" என்று முதுகில் தட்டினாள். அழுதுவிட்டேன்.

11.15. கலா பெண்களுக்குப் பேட்டன் மாற்றக் கற்றுக்கொடுத்தாள். வாங்குகிறவள் முன்கூட்டியே, தான் நிற்கும் இடத்திலிருந்து பின்னோக்கிக் காலோடு கால் ஒட்டவைத்து அளந்து, தரையில் டேப் ஒட்டிவைப்பாள். கொடுக்கிறவள் அந்த டேப்பைத் தொட்டதும் இவள் கிளம்பிவிட வேண்டும். கலாவின் கணக்கு எப்போதும் இருபத்தாறு காலடி.

"ஓடப்போற ஷூவைப் போட்டுக்கிட்டுதான் அளக்கணும்" என்று கன்னடத்தில் சொன்னாள். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி, மழையில ஷூ நனைஞ்சதுன்னு ஒரு பையனோட ஷூவை மாட்டிக்கிட்டு அளந்தா. டேப் மூணடிக்கு மேல பின்னால தள்ளிப்போச்சு. சீக்கிரமே கிளம்பிட்டா. பின்னால வந்தவ எப்படி எட்டுவா?"

பெண்கள் சிரித்தார்கள். எங்களை நீக்கிய அன்றும் அங்கே மழை. கலாவின் காலில் படகு மாதிரி கிடந்த ஷூவைக் கேலி செய்ததே நான்தான்.

தண்ணீர்க் குழாய் அருகில் கேட்டேன். "அந்த ஒருத்தி நீதானே?"

அவள் விசிலைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "டேப்பைப் பிய்க்கிறப்பதான் தெரிஞ்சுது. சொல்லியிருந்தா என்னைத் தூக்கியிருப்பாங்க, செல்வி."

"என்னையத் தூக்குனாங்களே."

"பழைய கதை. மனசுல வச்சுக்காதே. மத்தியானம் பிரைஸ் நீதான் கொடுக்கணும்."

"காலைல என்னைய மன்னிச்சயே, அத மொதல்ல திருப்பி எடுத்துக்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மாலை 4.30. ராமாபுரம். போன வருடம் என் மகள் பள்ளியில் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தாள். நம் கால் கடைசியில் சோர்ந்துவிடும் என்று சொல்லி, நானே போய் அந்தப் பெயரை அடிக்கச் செய்தேன். அவள் வீட்டுக்கு வந்திருப்பாள். மறுபடியும் மன்னிப்புக் கேட்கத்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.