தெற்குச் சுவரும் நூறு நிலங்களும்

எச்சரிக்கைச் சங்கு ஊதியது. வெடி அதிர்ந்தது. புகை விலகியபோது, அகழ்விடத்தின் தெற்குச் சுவரிலிருந்து வெள்ளைக் கல் சரிவதற்குப் பதிலாகச் செஞ்சேறு வழிந்துகொண்டிருந்தது. தனக்குள் எழுந்தது பயமா மகிழ்ச்சியா என்று மபாஸாவுக்கே பிரித்தறிய முடியவில்லை.

எலுவன்குளத்துக்கு அப்பாலுள்ள அந்தச் சுண்ணாம்புக்கல் அகழ்விடத்தில் எங்கே, எப்போது வெட்டுவது என்று திட்டமிடுவது அவள் வேலை. வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து கரைத்தீவில் குடியேறிய குடும்பத்தில் பிறந்தவள். வாப்பா தோண்டிய முதற்கிணறு உவர். சற்றுத் தள்ளித் தோண்டியதில் நல்ல தண்ணீர். மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி அன்றே அவளைப் பிடித்துக்கொண்டது.

அகழ்விடத்திலும் அதே கேள்விதான். துளையிட்டுப் பார்த்த இடங்களுக்கு இடையில் கிடப்பது யாருக்கும் தெரியாது. துளைகளைச் சராசரி பார்த்து ஒரே படம் வரைவது பழைய வழக்கம். அந்தப் படத்தில் தெற்குச் சுவர் முழுக்க நல்ல கல். மபாஸாவோ, அதே துளைகளுக்குப் பொருந்தும் நூறு வெவ்வேறு நிலங்களைக் கணினியில் உருவாக்கி, ஒவ்வொன்றையும் மாரிகாலம் முடியும்வரை வெட்டிப் பார்த்தாள். எண்பத்துமூன்றில் சிக்கலில்லை. பதினேழில் செம்மண் நிரம்பிய பொந்து குறுக்கிட்டு, சீமெந்துத் தொழிற்சாலைச் சூளை கல்லின்றி அணைந்தது.

“அப்ப எண்பத்துமூண்டு என்ட பக்கம்,” என்றார் அன்று முகாமையாளர் வின்சன்ட், மாம்புரி மீனவக் குடும்பத்தவர். “பிறகென்னத்துக்குக் கிழக்கில மண் தோண்டுற பெக்கோ ஒண்ட முடக்கச் சொல்றீங்க?”

“முடக்க இல்ல சேர். மழைக்கு முதல் மேல்மண்ண வழிச்சுக் கிழக்குச் சுவரையும் திறந்து வைப்பம். மழை தொடங்கினா அது ஏலாது.”

“படத்தில செம்மண்ணே இல்லையே.”

“அது சராசரி சேர். தெற்கால வாற சோழகத்தையும் வடக்கால வாற வாடையையும் கூட்டிப் பாதியாக்கினா என்ன காத்து?”

வின்சன்ட் யோசித்தார். “காத்தே இல்ல.”

“வருசம் முழுக்க அப்பிடி ஒரு கடல மாம்புரியில கண்டிருக்கிறீங்களா?”

அவர் சிரித்துவிட்டார். “வாய்க்காரி. சரி, திறப்பம். ஆனா மழை முடியுமட்டும் தெற்கு கல்லுத் தந்தா, அடுத்த வருசம் பழைய படந்தான். உங்கட நூறையும் மூட்டை கட்டி வைக்கவேணும்.”

மழை தொடங்கியது. தெற்குச் சுவர் வாரக்கணக்கில் அள்ளி அள்ளிக் கொடுத்தது. கிழக்கில் பெக்கோ ஓட்டிய நஸீம் தேநீர் வேளைகளில் சும்மா விடவில்லை. “தங்கச்சி எனக்கு மண் விளையாட வேலை எடுத்துத் தந்திருக்கா,” என்றார். மபாஸாவும் சிரித்தாள், உள்ளுக்குள் எரிந்தது.

இப்போது அதே தெற்குச் சுவரில் செஞ்சேறு வழிந்துகொண்டிருந்தது. வின்சன்ட் ஒரு கணந்தான் பார்த்தார்.

“லொறி எல்லாத்தையும் கிழக்குக்குத் திருப்புங்க.”

கிழக்கில் கல் தயாராக நின்றது. மாலைக்குள் லொறிகள் வரிசையாகக் கல் ஏற்றிக்கொண்டு புறப்பட்டன. சூளை அணையவில்லை.

“தங்கச்சி, இந்தப் பொந்து எத்தினையாவது படத்தில இருந்திச்சு?” என்று கேட்டார் நஸீம்.

“இதே இடத்தில ஒண்டிலயும் இல்ல நானா. எங்கயாவது இருக்கலாம் எண்டுதான் தெரிஞ்சிச்சு.”

“அப்ப கண்ணக் கட்டிக்கொண்டா சொன்னீங்க?”

“ஓம். ஆனா நூறு தரம் கட்டிப் பார்த்தன்.”

முழங்கால்வரை செஞ்சேற்றோடு வின்சன்ட் அவளது அலுவலக அறைக்குள் வந்தார்.

“இண்டைக்குக் கண்டதையும் உள்ளுக்குப் போட்டா, புதுசா நூறு நிலம் செய்யலாமா?”

“செய்யலாம் சேர்.”

“அப்ப வடக்குச் சுவருக்கும் சேர்த்து ஓட்டுங்க,” என்றவர், மூலையிலிருந்த கதிரையை இழுத்து அவளது கணினிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.