அவள் கேட்ட நல்ல தண்ணீர்

நான் தீவுக் கிராமமான இறுப்பிட்டியில் பிறந்து வளர்ந்தவன். மனைவி கிளிநொச்சிப் பக்கம், வாய்க்கால் ஓடுகிற ஊர். கலியாணம் முடித்து வந்த மறுநாள் காலையில், தான் போட்ட தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தவள், சீனிப் போத்தலைத் திறந்து நுனிவிரலால் தொட்டு நக்கிப் பார்த்தாள். சீனிக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டாளோ என்ற சந்தேகம். உப்பு எங்கள் கிணற்றுத் தண்ணீரில் இருந்தது. நான் சிரித்தேன். போகப் போகப் பழகிவிடும் என்றேன்.

சந்தியில் பவுசர் லொறி வந்து பொதுத் தொட்டியில் நல்ல தண்ணீர் நிரப்பும். குடிக்க மட்டும் ஒரு கான் எடுத்து வரச் சொல்லி இரண்டு மூன்று தரம் கேட்டாள். என்னைப் பெத்த ஐயா வெட்டிய கிணறு அது. அதைக் குறை சொல்வதாகவே எனக்குப் பட்டது.

"இந்தத் தண்ணியைக் குடிச்சுத்தான் நான் வளந்தனான். உமக்கு மட்டும் என்ன?" என்று கேட்டேன்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. தன் வீட்டார் வரும் நாட்களில் மட்டும் தேத்தண்ணியில் உவர் தெரியாமலிருக்க இஞ்சியைக் கூடுதலாகத் தட்டிப் போடுவாள். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிந்ததைக் கிழமைக்கு ஒருக்கால் புளி போட்டுத் தேய்ப்பாள்.

பல வருடங்கள் கழித்து அவளுக்குப் பிரசர் வந்தது. உப்பைக் குறைக்கச் சொல்லி கிளினிக்கில் சொன்னார்கள். அந்த வேலையை நான் பொறுப்பாக எடுத்துக்கொண்டேன். கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாவற்றையும் நிறுத்தினேன். உப்புப் போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். மருந்தையும் அவள் தவறாமல் போட்டாள். ஆனாலும் பிரசர் இறங்கவில்லை. எனக்குத் தெரியாமல் எதையோ சாப்பிடுகிறாள் என்று நினைத்துக் கேட்டேன். இல்லை என்றாள். நான் நம்பவில்லை. ஒரு மாதமளவாக அவளோடு முகம் கொடுத்துப் பேசவுமில்லை.

அப்படி இருக்கையில்தான் ஒரு காலை, கதிரையிலிருந்து எழும்ப ஏலாமல் அவளுடைய வலப் பக்கம் பாரிசவாதத்தில் விழுந்துபோனது.

யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் எல்லாவற்றையும் விசாரித்தார். என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்றும் கேட்டார். கிணற்றுத் தண்ணீர் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், நாக்குத் திரும்பாத நிலையிலும் அவள் "உவர்" என்றாள். டொக்டர் என்னைப் பார்த்தார். தண்ணீரால்தான் இது வந்தது என்று தன்னால் சொல்ல முடியாதென்றும், ஆனால் கறியில் குறைத்த உப்பை நாள் முழுக்கக் குடிநீரில் கொடுத்திருக்கக் கூடாதென்றும் மெதுவாகத்தான் சொன்னார். உப்புப் போத்தலைப் பூட்டிய எனக்கு அது ஒரு நாளும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்த அன்றே சந்திக்குச் சைக்கிளில் போய் ஒரு கான் நல்ல தண்ணீர் கொண்டு வந்தேன். கோப்பையில் வார்த்துப் பருக்கினேன். அவள் வாயில் வைத்திருந்து, பிறகு விழுங்கினாள்.

"இதில ஒரு ருசியுமில்லையப்பா," என்றாள்.

அவளுடைய நாக்கையும் என் ஊர்த் தண்ணீர் மாற்றிவிட்டிருந்தது.

"நீர் கேட்ட அண்டைக்கே நான் கொண்டு வந்திருக்கவேணும்," என்றேன்.

பரவாயில்லை என்று சொல்லுவாள் என எதிர்பார்த்தேன். அவள் என்னைப் பார்த்து, "ஓம்" என்று மட்டும் சொன்னாள். பிறகு இடக்கையால் கோப்பையைத் தன் பக்கம் இழுத்து, மிச்சத்தையும் குடித்தாள்.