தமிழாளி என்று அழைக்கப்பட்ட அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவரை அறிந்த உறவினர், நண்பர்கள் கைகளில் இந்த நினைவுமலரை வைக்கிறோம்.

அக்கா மலையாளச் சீமையில் தமிழர் குடியிருக்கும் வலியசாலையில் பிறந்தவர். சிறுவயதில் வீட்டுத் தமிழோடு மலையாளத்தையும் கலந்து ஓயாமல் பேசுவார். அதைக் கேட்டுச் சிரித்த பக்கத்து வீட்டு மலையாள அம்மாள், தமிழையும் மலையாளியையும் ஒட்டி “தமிழாளி” என்று அழைத்தார். அன்று அது கொஞ்சல்.

திருநெல்வேலியில் வாழ்க்கைப்பட்டபோது அந்தப் பேரை அக்காவே வேடிக்கையாகச் சொல்லிவைத்தார். புக்ககத்தில் அது குத்தலாயிற்று. குழம்பில் தேங்காய் கூடினாலும் “தமிழாளி சமையல்” என்றார்கள். கணவர் அம்மையில் இறந்ததும் அக்காவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

முடங்கிக் கிடக்க அவரால் முடியவில்லை. தெருவே எதிர்த்தும் பிரசவம் பார்க்கும் பயிற்சிக்குப் போனார். சாலைக் கடைவீதி முதல் விழிஞ்ஞத்துக் கடற்கரைக் குடிசைகள் வரை ஜாதி பாராமல் சென்றார். அங்கெல்லாம் “தமிழாளி சேச்சி” என்றால் தனி மரியாதை.

பிறகு, தமிழர் மிகுந்த தென் தாலுகாக்களைச் சென்னை மாகாணத்தோடு சேர்க்க வேண்டும் என்ற கிளர்ச்சி மூண்டது. அக்காலத்தில் ஒரு மலையாள வீட்டிலிருந்து அக்காவுக்கு ஆள் வந்தது. துணைக்கு நானும் போனேன். கர்ப்பிணியின் கணவர் வாசலை மறித்து, “தமிழாளி இவிடெ வேண்டா” என்றார். திரும்பிவிடலாம் என்றேன். அக்கா நனைந்தபடி மழையில் நின்றார். உள்ளிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது: “எனிக்கு ஆ சேச்சி மதி.”

அந்த அக்காவே போதும் என்று மனைவி கேட்டபின் அவர் விலகினார். குழந்தையின் கால்தான் முதலில் வந்தது. ஆனாலும் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

திரும்பும் வழியில் அக்கா சொன்னார்: “வாசல்வரைக்கும் வந்து வழியனுப்பினான்டா. என்னை என்னன்னு கூப்பிடறதுன்னு தெரியாம முழிச்சான். நேக்கும் தெரியலையே.”

அதன்பின் அவருக்கு நிம்மதி இல்லை. எங்கள் தெரு இளைஞர்களோ, தமிழச்சி என்று மட்டும் சொல்லிக்கொள்ளும்படி நச்சரித்தார்கள். நெஞ்சுவலியோடு படுத்த பிறகும், யார் வந்தாலும் வெளியே கலகம் உண்டா என்றே விசாரித்தார்.

சிகிச்சை அளித்த வைத்தியருக்கும், இரு மொழியிலும் ஆறுதல் கூறிக் கடைசிவரை உடனிருந்த அயலாருக்கும், இறுதிக் கடன்களில் தோள்கொடுத்தோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரியது. நன்றி கூறும் இவ்வேளையிலும் என் மனம் அடங்கவில்லை. இன்று இருபுறமும் கல்லெடுக்கும் கைகளுள் சிலவற்றை முதன்முதலில் கழுவித் துடைத்தவர் எங்கள் அக்கா.