நட்டுக்குப் புளிப்பத்து

குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கையில் ஏறிய வாடை, சிதம்பரத்து அடுக்களையிலிருந்து என்னைப் பிறந்த ஊரான குடிகாட்டுக்கு இழுத்துப் போனது.

சுனாமிக்கு மறுவருஷம் நான் ஆறாவது படித்தேன். அப்பாவின் பழைய லாரி சிப்காட்டில் சரக்கு ஏற்றும். ஒரு பக்கம் கடல் காற்று, மறுபக்கம் கெமிக்கல் புகை, வண்டியெல்லாம் துரு. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அப்பா அதன் மேலேயே பெயிண்ட் அடித்துவிடுவார். தகுதிச் சான்றுக்காக லாரியை எஃப்சி காட்டுவதற்கு முந்தின நாள், பிரேக் பார்ப்பதற்காகப் பின்சக்கரத்தைக் கழற்றப் போனால் ஒரு நட்டு அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றியும் பலனில்லை. மெக்கானிக் மாமா ஸ்பேனர் மேல் ஏறியே நின்றார்.

“போல்ட்ட வெட்டித்தான் எடுக்கணும் மச்சான். நாளைக்கு எஃப்சி ஆவாது.”

வெள்ளிக்கிழமைக்காக விளக்கு தேய்த்துக்கொண்டிருந்த அம்மா, அந்தப் புளிச் சக்கையை நட்டின் மேல் அப்பித் துணியால் கட்டினாள்.

“லாரிக்குப் பத்து போடுறியா?” என்று அப்பா சிரித்தார்.

“துருவப் பெயிண்டு அடிச்சி மூடினவரு நீங்க. பேசாதீங்க.”

காலையில் நட்டு கிறீச்சென்று திரும்பியது. மண்ணெண்ணெய்தான் வேலை செய்தது என்று அப்பா கடைசிவரை சாதித்தார். ஆனால் அடுத்த ஆயுத பூஜைக்குப் பெயிண்ட் டப்பாவோடு ஒரு உருண்டை புளியும் வாங்கிவந்தார்.

விளக்கைக் கழுவி வைத்தேன். சக்கையை எறியவில்லை. எங்கள் கேட் தாழ்ப்பாள் ஒரு வாரமாக இறுகிக் கிடக்கிறது.