சாருக்கென்று தனியாக ஒரு பிரதி

போன வியாழக்கிழமை எங்கள் டிபார்ட்மென்ட் கேன்டீனில் செல்வி அழுதுகொண்டிருந்தாள். சுலபத்தில் அழுகிறவள் இல்லை அவள். சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருப்பவரின் மகள். அப்பா ஊரில் இல்லாத நாட்களில் லாரிக்காரர்களையே அதட்டி வேலை வாங்குகிறவள். அவளே அழுகிறாள் என்றால்...?

"அக்கா, சார் கையெழுத்து போட மாட்டாராம். நான் நம்பரை மாத்தி எழுதிட்டேனாம்!"

நான் புள்ளியியல் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். செல்வி என் பக்கத்து அறை ராமநாதன் சாரிடம் பிஎச்.டி. செய்கிறாள். விழிஞ்ஞம் கரையில் தினமும் எவ்வளவு மீன் வந்து இறங்குகிறது என்பது அவள் ஆராய்ச்சி. திங்கட்கிழமை தீசிஸைக் கொடுத்தாக வேண்டும். கடைசி நேரத்தில் சார் அவளுடைய புரோகிராமைத் தன் அறைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்திருக்கிறார். வந்த விடை வேறு!

கணக்குப் போட நாங்கள் பயன்படுத்துவது 'ஆர்' என்ற கம்ப்யூட்டர் மொழி. ஆமாம், ஒற்றை எழுத்துதான் பெயர். காசு கிடையாது. ஒவ்வொரு வகைக் கணக்குக்கும் யாராவது ஒரு புண்ணியவான் பேக்கேஜ் எழுதி இன்டர்நெட்டில் வைத்திருப்பார். வேண்டியதை இறக்கிக்கொள்ளலாம். செல்வியும் சாரும் ஓட்டியது ஒரே டேட்டா, ஒரே புரோகிராம், ஒரே பேக்கேஜ். பிறகு எப்படி இரண்டு விடை?

லேப் பொறுப்பாளர் ஷாஜியைப் பிடித்தேன். மலையாளி. "எல்லா மெஷின்லயும் புதிய வெர்ஷன் இட்டு மேடம். சாரோட மெஷின்ல ஞான் தன்னெ இட்டதா" என்றார். அவர் கையாலேயே போட்டதாம். சந்தேகத்துக்குச் சார் அறைக்கே வந்து மறுபடியும் ஒருமுறை போட்டார். ஓட்டிப் பார்த்தோம். பழைய விடையே பல்லை இளித்தது.

"பார்த்தேளா? மெஷின் பொய் சொல்லுமா?" என்றார் சார். "பொண்ணுதான் ஏதோ பண்ணியிருக்கா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கொட்டும் மழையில் மீன் கூடைகளுக்கு நடுவே நின்று கணக்கெடுத்த பெண்ணைப் பார்த்து இப்படியா சொல்வது? ஆனால் கோபப்பட்டால் விடை மாறுமா? செல்வி தலையைக் குனிந்தபடி வாசற்பக்கம் நின்றாள்.

அந்த நேரம் பார்த்து டீ வந்தது. எல்லோருக்கும் கண்ணாடி கிளாஸ். சார் மட்டும் டிராயரைத் திறந்து தன்னுடைய ஸ்டீல் தம்ளரை எடுத்தார். கிளாஸில் இருந்த டீயை அதில் ஊற்றிக்கொண்டார். தினமும் நடப்பதுதான். பொதுப் பாத்திரத்தில் அவர் வாய் வைக்க மாட்டார். ஸ்ரீவராகம் அக்ரஹாரத்துக்காரர் – நானும் அதே தெருதான். எங்கள் வீடுகளில் மடிப் பாத்திரம் தனி, மற்றது தனி. எதற்கும் நமக்கென்று ஒன்றை ஒதுக்கி வைத்துக்கொள்ளாவிட்டால் தூக்கம் வராது.

எனக்குப் பொறி தட்டியது.

"சார், பேக்கேஜையும் உங்களுக்குன்னு தனியா போட்டுண்டிருக்கேளா?"

"பின்னே? பொதுவில இருக்கறதுல கண்டவாளும் கை வைப்பா. நான் அப்பவே என் ஃபோல்டர்ல தனியா போட்டுண்டுட்டேனே!" என்றார். குரலில் பெருமை வேறு!

எந்தெந்த பேக்கேஜ் எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும் கட்டளையைத் தட்டினேன். அதோ... ஒரே பெயர் இரண்டு இடத்தில்! பொது ஃபோல்டரில் ஷாஜி போட்ட புதுசு. சாருடைய ஃபோல்டரில் அரதப் பழசு. ஆர் முதலில் தேடுவது சொந்த ஃபோல்டரைத்தான். அங்கே கிடைத்துவிட்டால் பொதுவை எட்டிக்கூடப் பார்க்காது. ஷாஜி எத்தனை முறை புதுசு போட்டு என்ன?

பழசில் ஒரு கோளாறும் இருந்தது. புது வெர்ஷனின் குறிப்பிலேயே அதைச் சரிசெய்துவிட்டதாக எழுதியிருந்தார்கள். கடல் கொந்தளிக்கும் நாட்களில் கணக்கெடுக்க முடியாததால் செல்வி சில கட்டங்களைக் காலியாக விட்டிருந்தாள். பழைய பிரதி காலிக் கட்டத்தையெல்லாம் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது. எண்ணிப் பார்க்காததும் மீனே வராததும் ஒன்றா?

சாரின் அனுமதியோடு பழைய பிரதியை நீக்கினேன். ஆரை மூடித் திறந்து, "நீயே ஓட்டு" என்று செல்வியை நாற்காலியில் உட்கார வைத்தேன்.

ஓட்டினாள். திரையில் அவளுடைய அட்டவணை – கடைசி தசமம் வரை அப்படியே! ஷாஜி, "அடிபொளி!" என்று கத்தினார். நான் கைதட்டினேன். டிபார்ட்மென்ட் அறையில் கைதட்டலாமா என்றெல்லாம் யோசிக்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்!

செல்வி சும்மா இருப்பாளா? கண்ணைத் துடைத்துக்கொண்டு ரொம்பப் பணிவாகக் கேட்டாள். "சார்... மெஷின் பொய் சொல்லுமா சார்?"

சார் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போட்டார். "தப்பா பேசிட்டேம்மா" என்றார். அதைச் சத்தமாகவே சொன்னார் என்பதையும் இங்கே எழுத வேண்டும்.

ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை. என்னிடமும் இரண்டு மூக்குக் கண்ணாடி இருக்கிறது. பழைய பவர்தான் முதலில் கையில் அகப்படும், அதை மாட்டிக்கொண்டு அச்சடித்தவனைத் திட்டுவேன். தனக்கென்று வைத்திருப்பதே சுத்தம் என்று நம்பிவிட்டால் அதை யார் சோதித்துப் பார்க்கிறார்கள்?

"இனிமே பொதுவில இருக்கறதே போதும்" என்று சார் அறிவித்தார். சொல்லிவிட்டு ஸ்டீல் தம்ளரை அலம்பித் துடைத்து, டிராயருக்குள் பத்திரமாக வைத்துப் பூட்டினார்.

அதை நீக்குவதற்கு ஆரில் கட்டளை கிடையாது!